முடிச்சுக்குள் மூச்சு

“இன்னும் இறுக்கிக் கட்டும்மா. காத்துக்கூட உள்ள போகக் கூடாது,” என்றார் காசிமாயன்.

தமிழ்வாணி பாலிதீன் பையின் வாயைத் திருகிப் பிடித்தபடி தயங்கினாள். பைக்குள் ஒரு கிலோ சேற்று மண். காசிமாயனின் ஒன்றரை ஏக்கர் நெல்வயலில் பத்து இடங்களில் தோண்டி, வாளியில் கொட்டிக் கலந்து அவள் எடுத்த மண். மதுரையில் அவள் வேலை பார்க்கும் பரிசோதனைக் கூடத்துக்கு எடுத்துப் போய், அதில் நைட்ரேட் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வேண்டும். வயலில் போட்ட யூரியா மண்ணுக்குள் காற்றோட்டம் இருந்தால் கடைசியில் நைட்ரேட்டாக மாறும். அதைப் பயிர் உறிஞ்சும்.

“சார், ஈர மண்ணை இப்பிடி அடைச்சு வைக்கக் கூடாது. நிழல்ல தாளை விரிச்சுப் பரப்பி, காய வச்சுத்தான் கொண்டு போகணும்.”

“எங்க காய வைப்ப? இவன் வீட்டு வாசல்லயா? ஒரு கை யூரியாவை உள்ள தூவி விட்டுருவான்.”

“ஐயா வீட்டு மொட்டை மாடியில காஞ்சா மட்டும் யோக்கியமா இருக்குமாக்கும்,” என்றார் எதிர் வரப்பில் நின்ற கருப்பு. “மேடம், நீங்க கட்டுங்க. ரெண்டு பையாப் போட்டுக் கட்டுங்க. முடிச்சு மேல நானும் கையெழுத்துப் போடுறேன், அவுகளும் போடட்டும்.”

ஒருவரை ஒருவர் நம்பாத இரண்டு பேரும் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போனார்கள். தமிழ்வாணி பையை அமுக்கிக் காற்றை வெளியேற்றினாள். முடிச்சுப் போட்டாள். அதன் மேல் இன்னொரு பை, இன்னொரு முடிச்சு, சுற்றி பிளாஸ்டர். பிளாஸ்டரின் மேல் இருவரும் குறுக்காகக் கையெழுத்துப் போட்டார்கள். கருப்பு தன் பெயரை நிதானமாக, எழுத்து எழுத்தாக எழுதி முடிக்கும்வரை காசிமாயன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கருப்பு அந்த வயலை ஆறு வருடமாக வாரத்துக்குச் செய்து வந்தார். விதையும் உரமும் காசிமாயன் தருவார், பாடு கருப்புடையது, விளைச்சல் ஆளுக்குப் பாதி. இந்த முறை நட்ட பிறகு இரண்டு மூட்டை யூரியா கொடுத்திருந்தார். அதன் பிறகு பன்னிரண்டு நாள் வாய்க்காலில் தண்ணீர் நிறுத்தி, முறை வந்ததும் ஒரே நாளில் வயல் நிரம்பியது. இருபத்தைந்தாம் நாள் பயிர் மஞ்சளாய் வெளுத்துவிட்டது. கடைகளில் யூரியா கிடைக்காத நேரம். மூட்டையைக் கூடுதல் விலைக்கு வாங்க ஆள் இருந்தது. காசிமாயன் கணக்குப் போட்டுப் பார்த்தார். அழகுபாண்டியின் டீக்கடையில் இருபது பேர் இருக்கும்போது, “என் யூரியாவ வித்துத் தின்னுட்டான், திருட்டுப் பய,” என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். காலிச் சாக்கு எங்கே என்று கேட்டதற்கு, முனியாயி அதைப் பிரித்து ஆட்டுக் கொட்டகைக்கு மறைப்புத் தைத்துவிட்டாள் என்றார் கருப்பு. முனியாயி அவர் மனைவி. மறைப்பைப் போய்ப் பார்த்த காசிமாயன், “இது போன வருசத்துச் சாக்கு,” என்று சொல்லிவிட்டு வந்தார்.

பிறகுதான் மண்ணே சொல்லட்டும் என்று முடிவானது. மண்ணில் சத்து இல்லை என்று வந்தால் காசிமாயன் போலீஸில் எழுதிக் கொடுப்பார், வயலை வேறு ஆளுக்கு விடுவார். கருப்பு தலையை ஆட்டி ஒத்துக்கொண்டார்.

“எந்த ஊரும்மா நீ?” புறப்படும்போது காசிமாயன் கேட்டார்.

“திருப்பரங்குன்றம் சார்.”

அது பொய்யில்லை. அவளும் அம்மா பாண்டியம்மாளும் அங்கேதான் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறார்கள். ஆனால் அவள் பிறந்த தெரு இந்த வயலிலிருந்து கூப்பிடு தூரத்தில், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. கருப்பின் தெருவுக்கு அடுத்த தெரு. அம்மா இதே வாய்க்கால் ஓரத்து வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவள். அந்தத் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் தமிழ்வாணி. பி.எஸ்சி. சேர்ந்தபோது நுண்ணுயிரியல் என்றால் என்னவென்று வீட்டில் சொல்லத் தெரியாமல், “கண்ணுக்குத் தெரியாத பூச்சியைப் பத்தின படிப்பு” என்றாள். “கண்ணுக்குத் தெரியாததைப் படிச்சா கண்ணுக்குத் தெரியிற வேலை கிடைக்குமா?” என்று அம்மா கேட்டாள். எம்.எஸ்சி.யும் முடித்து, பதினோரு மாத ஒப்பந்தத்தில் இந்த வேலை கிடைத்தது. எங்கே போனாலும் ‘எந்த ஊரு’ என்ற கேள்விக்குப் பின்னால் இருக்கும் இன்னொரு கேள்வி அவளுக்குத் தெரியும். அதனால் திருப்பரங்குன்றம் என்று சொல்லப் பழகிக்கொண்டாள்.

பேருந்து சமயநல்லூரைத் தாண்டி ஆரப்பாளையம் வந்து சேரும்வரை பை அவள் மடியில் இருந்தது. வெயிலில் அது வெதுவெதுப்பாக இருந்தது. பரிசோதனைக் கூடத்தில் பனிக்கட்டிப் பெட்டி ஒன்று உண்டு. அதை எடுத்துவர மறந்திருந்தாள். இன்று வெள்ளி, சாயங்காலமே போய் மண்ணை விரித்துவிடலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். போய்ச் சேர்ந்தபோது கூடம் பூட்டியிருந்தது. மறுநாள் சனிக்கிழமை, மின்வாரியம் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலைவரை மின்சாரத்தை நிறுத்தியிருந்தது. ஞாயிறு விடுமுறை. மூன்று நாள் அந்தப் பை அவள் அறையின் மூலையில் கிடந்தது. பிரித்து விரித்திருக்கலாம். ஆனால் முடிச்சின் மேல் இரண்டு கையெழுத்துகள் இருந்தன.

திங்கட்கிழமை காலை பரிசோதனைக் கூடத்தில் பையை மேசைமேல் வைத்தாள். காற்றில்லாமல் அமுக்கிக் கட்டிய பை லேசாக உப்பியிருந்தது. கத்தரியால் வெட்டினாள். குளத்தின் அடிச்சேற்றைக் கிளறியதுபோல ஒரு வாடை. மண் கறுத்திருந்தது.

அளவு மானியில் எண் வந்தது. நைட்ரேட் இல்லை. இரண்டாவது தடவையும் இல்லை. மூன்றாவது தடவையும் அதே.

அந்தப் பைக்குள் என்ன நடந்திருக்கும் என்று அவளுக்குப் பாடமாகத் தெரியும். மண்ணில் வாழும் பாக்டீரியாக்களும் நம்மைப்போல மூச்சுவிடுகின்றன. காற்று இருந்தால் காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டே காலம் தள்ளுகின்றன. காற்று அடைபட்டால் எல்லாம் செத்துப்போவதில்லை. சில வகைகள் பக்கத்தில் இருக்கும் நைட்ரேட்டைப் பிடித்துக்கொள்கின்றன. ஒரு நைட்ரஜனோடு மூன்று ஆக்சிஜன் ஒட்டிய பொருள் அது. ஆக்சிஜன் செய்யும் வேலையை அதை வைத்தே செய்து, ஆக்சிஜனை ஒவ்வொன்றாகக் கழற்றி, உயிரைப் பிடித்துக்கொள்கின்றன. கடைசியில் மிஞ்சும் நைட்ரஜன் வெறும் வாயுவாகிக் குமிழியிட்டுப் போய்விடும். தேர்வில் இதற்குப் பதினைந்து மதிப்பெண் வாங்கியிருந்தாள். இப்போது அந்தப் பதில் ஒரு மனிதரின் தலைமேல் வந்து விழுந்திருந்தது.

மேலாளர் சரண்யாதேவியிடம் போய்ச் சொன்னாள். அவர் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

“பை கட்டுனது யாரு?”

“நான்தான் மேடம்.”

“மூணு தடவையும் ஒரே நம்பர்தான வந்துச்சு?”

“இல்லைன்னுதான் வந்துச்சு. ஆனா அது வயல்ல இருந்த நம்பர் இல்ல மேடம். பைக்குள்ள…”

“தமிழ்வாணி, வந்த மண்ணுல என்ன இருக்கோ அதைத்தான் நாம சொல்றோம். திரைக்கு வந்த நம்பருக்கு நான் ஒப்புதல் குடுத்தாச்சு. வயல்காரருக்கு மெசேஜ் தானாப் போயிருக்கும்.” பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். “தப்புன்னு எழுதிக் குடுக்கணும்னா உன் கையெழுத்துல குடு. அடுத்த மாசம் உன் ஒப்பந்தம் முடியுது, ஞாபகம் வச்சுக்க.”

பதினைந்து நிமிடத்தில் அவள் கைப்பேசி அடித்தது. காசிமாயன்.

“ரொம்ப சந்தோசம்மா. மண்ணு சொல்லிருச்சு பாத்தியா? நாளைக்குப் பத்து மணிக்கு ஸ்டேசன்ல எழுதிக் குடுக்கப் போறேன்.”

“சார், அந்த ரிப்போர்ட்டை வச்சு ஒண்ணும் பண்ணாதீங்க. நாளைக்கு எட்டு மணிக்கு நான் வயலுக்கு வாரேன். ஒரு மணி நேரம் குடுங்க.”

“எதுக்கு?”

“தப்பு என் பக்கம் சார். நேர்ல சொல்றேன்.”

சாயங்காலம் திருப்பரங்குன்றம் பேருந்தில் நின்றுகொண்டே யோசித்தாள். கருப்பு யூரியா போட்டார் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. அவர் எங்கள் ஆள், அதனால் போட்டிருப்பார் என்று நம்புகிறேனா? வேறு யாராக இருந்தாலும் இப்படி ஓடுவேனா? கேள்விக்கு நேர்மையான பதில் அவளிடம் இல்லை. பை உப்பியிருந்தது மட்டும் உண்மை.

பழங்காநத்தம் வரும்போது இன்னொன்று நினைவுக்கு வந்தது. தோண்டிய பத்து இடங்களில் ஒன்றில் மண்வெட்டி சுலபமாக இறங்கவில்லை. வடகிழக்கு மூலை. அங்கே மேடு, தண்ணீர் ஏறி நிற்காது. அந்த மூலைப் பயிர் கரும்பச்சையாக இருந்தது. அந்த மண்ணையும் மற்ற சேற்றோடு போட்டுக் கலந்தவள் அவள்தான்.

செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு வரப்பில் காசிமாயன் மோட்டார் சைக்கிளோடு நின்றார். கருப்பு எட்டத்தில் உட்கார்ந்திருந்தார். முகம் வீங்கியிருந்தது, தூங்கியிருக்கவில்லை.

“சொல்லு,” என்றார் காசிமாயன்.

சொன்னாள். பையை அடைத்துக் கட்டியிருக்கக் கூடாது, அது தெரிந்தும் கட்டினாள், மூன்று நாள் திறக்காமல் வைத்திருந்தாள், அதனால் அந்த ரிப்போர்ட்டில் உள்ள எண்ணுக்கு மதிப்பில்லை. கருப்பு மெல்ல எழுந்து வந்தார்.

“அன்னைக்கே தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்ணே.”

“தெரிஞ்சும் கட்டுனீங்க.”

“நீங்களும் இறுக்கிக் கட்டத்தாண்ணே சொன்னீங்க.”

“நான் படிக்கலைல்ல!” கருப்பின் குரல் வரப்பைத் தாண்டிக் கேட்டது. “நான் படிக்காத பய, நம்பிக்கை இல்லாமச் சொன்னேன். நீங்க படிச்சவுக, சும்மா இருங்கடான்னு ஒரு அதட்டுப் போட்டிருக்கலாம்ல? நேத்துல இருந்து என் வீட்டுல அடுப்பு எரியல, தெரியுமா?”

காசிமாயன் சிரித்தார்.

“நல்லா நடிக்கிறீங்கப்பா ரெண்டு பேரும். ஏம்மா, திருப்பரங்குன்றம்னு சொன்ன? விசாரிச்சேன். பாண்டியம்மா மகதான நீ? தண்டவாளத்துக்கு அங்கிட்டு. உங்க ஆளுன்னதும் ரிப்போர்ட்டே மாறிப்போகுது!”

காது மடல் சுட்டது. இந்த வார்த்தை வரும் என்று வழியெல்லாம் எதிர்பார்த்திருந்தாள். வந்தபோது நேராக அவர் முகத்தைப் பார்த்தாள்.

“ஆமா சார், பாண்டியம்மா மகதான். எங்கம்மா உங்க வயல்லயும் நட்டிருக்கு. அதனால நான் சொல்றதை நம்ப வேணாம். மண்ணை நீங்களே எடுங்க.”

பையிலிருந்து கண்ணாடிக் குப்பிகள், காய்ச்சி வடித்த நீர், வடிதாள், சோதனைத் தாள்கள் எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். நைட்ரேட் கரைந்த நீரில் அந்தத் தாளை நனைத்தால் ஒரு நிமிடத்தில் இளஞ்சிவப்பாகும். இல்லாவிட்டால் வெள்ளையாகவே இருக்கும். வடகிழக்கு மேட்டைக் காட்டினாள்.

“அந்த மூலையில தண்ணி நிக்கல. பயிரைப் பாருங்க, பச்சையா இருக்கு. இந்தப் பள்ளத்துல பன்னெண்டு நாள் வாய்க்காலை நிறுத்தினப்ப தரை வெடிச்சுப்போச்சு. காத்து உள்ள இறங்கி, போட்ட யூரியாவெல்லாம் நைட்ரேட்டா மாறியிருக்கும். பெறகு முறை வந்து ஒரே நாள்ல தண்ணி ரொம்பிருச்சு. மண்ணுக்குள்ள மூச்சு முட்டிருச்சு. கீழ இருக்கிற பாக்டீரியா அந்த நைட்ரேட்டை வச்சு மூச்சு விட்டிருக்கும். மேட்டுல காத்து இருந்ததால அங்க நைட்ரேட் தங்கியிருக்கணும்.”

“அப்ப என் யூரியாவைப் பூச்சி தின்னுருச்சுங்கிற.”

“தின்னல சார். மூச்சு விட்டுச்சு.”

“ரெண்டு மூட்டையையுமா?”

“எம்புட்டுன்னு எனக்குத் தெரியாது. பெரும்பகுதி போயிருக்கலாம்.”

“மேட்டுல இல்லைன்னா?”

தமிழ்வாணி கருப்பைப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

“இல்லைன்னா எனக்குச் சொல்ல ஒண்ணுமில்ல. நீங்க ஸ்டேசனுக்குப் போகலாம்.”

காசிமாயன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே மேட்டுக்குப் போனார். மண்வெட்டியால் கொத்தி, ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் கொண்டுவந்தார். குப்பியில் போடும்முன் நிறுத்தினார்.

“வரப்பு மண்ணையும் பாரு. யூரியா போடாத மண்ணுலயும் செவப்பா வந்தா, உன் வித்தை அவ்வளவுதான்.”

அவர் கேட்டது சரி. அவள்தான் அதை முதலில் கேட்டிருக்க வேண்டும். ஒப்பிட ஒரு வெறும் மண் இல்லாமல் வந்திருக்கிறோமே என்று உள்ளுக்குள் திடுக்கிட்டாள். பழைய உரம் ஏதாவது வரப்பில் தங்கியிருந்தால்? ஆடு மாடு போட்டுவிட்டுப் போன இடமாக இருந்தால்? மாட்டுச் சிறுநீரும்கூட மண்ணில் நைட்ரேட்டாகும். வேண்டாம் என்று சொல்ல வழியில்லை.

“எடுங்க சார். வரப்புல எங்கன்னு நீங்களே சொல்லுங்க.”

இரண்டு குப்பிகள். ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி மண், ஒரே அளவு நீர். ஐந்து நிமிடம் குலுக்கினாள். ஒரு குப்பியைக் கருப்பு கேட்டு வாங்கிக் குலுக்கினார். எது எந்த மண் என்று மூடியில் காசிமாயன் பேனாவால் எழுதினார். வடிதாளில் கலங்கல் நீர் சொட்டுச் சொட்டாக இறங்கியது. மூன்று பேரும் அதையே பார்த்தார்கள். தண்டவாளத்தில் ரயில் ஒன்று கடந்து போனது.

முதலில் வரப்பு மண். தாளை நனைத்து வெயில் படாமல் பிடித்தாள். கைப்பேசியில் நொடிகள் ஓடின. நாற்பதில் தாளின் ஓரம் லேசாக நிறம் மாறுவதுபோல இருந்தது. அறுபதில் பார்த்தபோது, இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத ஒரு சாயல். அவ்வளவுதான்.

“கொஞ்சம் இருக்கே,” என்றார் காசிமாயன்.

“ஆமா சார். கொஞ்சம் இருக்கு,” என்றாள். மறைக்கவில்லை.

அடுத்து மேட்டு மண். இருபது நொடி வரை வெள்ளை. கருப்பு கண்ணை மூடிக்கொண்டார். முப்பதில் ரோஜா நிறம். அறுபதில் வெற்றிலை போட்ட நாக்குப்போலச் சிவந்து நின்றது. தமிழ்வாணி இரண்டு தாள்களையும் காசிமாயனின் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு மஞ்சள் பயிரைப் பார்த்தார். பிறகு பச்சை மூலையைப் பார்த்தார்.

“அந்த மூலையில மட்டும் நாலு கை வீசிட்டு மிச்சத்தை வித்திருக்கலாம்ல?”

“வித்திருக்கலாம் சார். அதை மண்ணு சொல்லாது. ஆனா விக்கப்போற ஆளு, யாரும் போகாத மூலையில போய் வீசுவாரா, ரோட்டோரம் நீங்க பாக்கிற பக்கம் வீசுவாரா?”

காசிமாயன் தாள்களைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வண்டியை உதைத்துக் கிளப்பினார். ஸ்டேசன் இருக்கும் கிழக்கே போவாரா, ஊர் இருக்கும் மேற்கே போவாரா என்று இருவரும் நின்று பார்த்தார்கள். வண்டி மேற்கே திரும்பியது. டீக்கடை முன் நின்றது.

கருப்பு விறுவிறுவென்று நடந்தார். தமிழ்வாணி குப்பிகளை அள்ளிப் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினாள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது காசிமாயன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

“அழகுபாண்டி, மூணு டீ போடு.” கையிலிருந்த தண்ணீர் டம்ளரைப் பார்த்தபடியே சொன்னார். “நம்ம கருப்பு யூரியா போட்டிருக்கான்யா. தண்ணி நின்னு வீணாப் போச்சாம். காத்தாப் போச்சாம்.”

“காத்துக்கு எதுக்கு அண்ணே யூரியா?” என்று ஒருவன் கேட்க, நாலைந்து பேர் சிரித்தார்கள்.

கருப்பு உட்காரவில்லை. “அம்புட்டுத்தானா ஐயா?”

“வேற என்ன செய்யச் சொல்ற?”

“அன்னைக்குச் சொன்னப்ப இம்புட்டு மெதுவாச் சொல்லலையே.”

சிரிப்பு நின்றது. அழகுபாண்டி டீ ஆற்றுவதை நிறுத்தினார். காசிமாயன் தலை நிமிர்ந்தார். அந்தக் கடையில் அவரை நேருக்கு நேர் அப்படிக் கேட்டவர் யாருமில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள். வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்த காசிமாயன், திடீரென்று அதை நிறுத்தினார்.

“திருடன்னு சொன்னது தப்பு,” என்றார். பிறகு தெருவரைக்கும் கேட்கும்படி இன்னொரு தரம் சொன்னார். “கருப்பைத் திருடன்னு நான் சொன்னது தப்பு. கேட்டுக்கங்கப்பா.”

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். தமிழ்வாணியின் பக்கம் திரும்பினார்.

“இனி பயிருக்கு என்ன செய்யணும்?”

“தண்ணியை வடிச்சு, சேறு இறுகினதும் கொஞ்சமா உரம் போட்டு, மறுபடி மெல்லிசா ஒரே அளவுல தண்ணி வைக்கணும் சார். அதைக் காயவும் விடக் கூடாது. ஒரே தடவையா வேணாம், மூணாப் பிரிச்சுப் போடணும்.”

“போடும்போது நான் வரப்புல நிப்பேன்.”

“நில்லுங்க ஐயா,” என்றார் கருப்பு. “கையில ஒரு கூடை எடுத்துட்டு வாங்க. சும்மா எதுக்கு நிக்கணும், நீங்களும் ஒரு பக்கம் வீசுங்க.”

காசிமாயன் முறைத்தார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. அழகுபாண்டி நீட்டிய டீயைக் கருப்பு வாங்கிக்கொள்ளவில்லை. அடுப்பு எரியாத வீட்டுக்குச் சேதி போக வேண்டும் என்று கைப்பேசியைக் காதில் வைத்தபடி, வடிகாலைத் திறக்க வயலை நோக்கி நடந்தார்.

“முனியாயி, உலையைப் போடு,” என்பது மட்டும் தமிழ்வாணிக்குக் கேட்டது.